பால்டின்னில் ஒரு பிடி 'ம்'

சிங்கப்பூர் தேக்காவில் வளர்ந்தவர் என்றால் உங்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. சிராங்கூன் ரோட்டிலிருந்து டன்லப் ஸ்ட்ரீட்டில் திரும்பினால் போதும், அப்புறம் காதே கூட்டிக்கொண்டு போய்விடும். அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் பாங்கு, கோப்பிக்கடையில் கரண்டி கிளாஸில் இடிபடும் ஓசை, இவற்றுக்கெல்லாம் அடியில் டடக்... டக், டடக்... டக் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் எங்கள் அச்சாபீஸின் டிரெடில் மெஷின். 'எங்கள்' என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, எனக்கு அங்கே ஒரு உரிமையும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் கடைவாசல் அஞ்சடியில் பையைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்துகொள்ளும் பக்கத்து வீட்டுப் பையன், அவ்வளவுதான்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வாசலில் கால் வைத்ததும் மூக்கில் ஏறுவது மண்ணெண்ணெய். அடுத்தது மை. காற்று கஃப் ரோட்டுப் பக்கமிருந்து அடித்தால் மாவு மில்லில் அரைபடும் வறுத்த மல்லியும் மிளகாயும் சேர்ந்து வந்து மெஷின்காரரைத் தும்ம வைக்கும். தும்மினாலும் அவர் கை நிற்காது. வலது கை வெள்ளைத் தாளை வைக்கும், இடது கை அச்சான தாளை எடுக்கும். மெஷினின் வாய் மூடுவதற்குள் இரண்டு கையும் வெளியே வந்தாக வேண்டும். மேலே வட்டத் தட்டு கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்ப, உருளைகள் ஏறி மையை வழித்துக்கொண்டு இறங்கும். அவருடைய ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. அது எப்படிப் போனது என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது என்பது அந்த வயசிலேயே தெரிந்திருந்தது.

கம்பாசிட்டர் அண்ணன் உள்சுவரோரம் நிற்பார். நாள் பூராவும் நின்றுகொண்டுதான் வேலை. எதிரே சரித்து வைத்த கேஸ்கள். ஆங்கிலத்துக்கு இரண்டு கேஸ் போதும். நம் மொழிக்கு அது எந்த மூலைக்கு? உயிர்மெய் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு அறை கேட்கும். எந்த அறையிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. அவர் கண் கைப்பிரதியில் இருக்க, விரல் தானாகப் போய் எழுத்தைப் பொறுக்கி வந்து இடது கை ஸ்டிக்கில் நிறுத்தும். கோத்த வரி தலைகீழாக நிற்கும். நான் கழுத்தைச் சாய்த்துப் படிக்கப் பார்ப்பேன். "கண்ணால பாக்காத தம்பி, விரலால தடவிப் பாரு" என்பார். அவர் பேசியதில் நீளமான வாக்கியமே அதுவாகத்தான் இருக்கும். மற்றதற்கெல்லாம் ஒரே பதில், "ம்".

தமிழில் எதை அச்சடித்தாலும் முதலில் தீர்ந்துபோவது 'ம்'. கோயில் திருவிழா நோட்டீஸ் இரண்டு சேர்ந்து வந்தால் போதும், 'ம்' இருக்கும் அறை காலி. "இவன் பேசியே தீத்துடுறான்" என்று மெஷின்காரர் கேலி செய்வார். எழுத்துகள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். ரஜுலா கப்பல் ஓடிய காலம் முடிந்து சிதம்பரம் கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது. அதுவரை காத்திருக்க முடியுமா? ஏதாவது ஒரு எழுத்தைக் குப்புறப் போட்டு இடத்தைப் பிடித்து வைப்பார்கள். முதலாளி கழுவிய பால்டின் ஒன்றை என் கையில் கொடுத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொரு அச்சாபீஸுக்கு ஓடச் சொல்வார். "ஒரு பிடி 'ம்' வேணுமாம்" என்று நான் போய் நிற்பேன். அவர்களும் போட்டிக்காரர்கள்தான், ஆனாலும் இல்லை என்று சொன்னதில்லை. டின் கனக்கும். ஈயம் அல்லவா! கோப்பி வாங்கிப் போவதுபோலக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, கீழே சிந்தாமல் அஞ்சடியோரமாகவே நடந்து வருவேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நாள் என்றால் கடைக்குள்ளே பாதிக் கல்யாணம் நடந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் பள்ளி நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். புரூஃப் எடுத்துக் காட்டினால் பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்குக் கீழே வந்துவிட்டது என்று சண்டை தொடங்கும். தாய்மாமன் பெயர் விட்டுப்போய், கோத்த பக்கத்தைக் கட்டிய கயிற்றை மறுபடி அவிழ்த்து ஒரு வரி நுழைத்ததும் உண்டு. பத்திரிகையின் தலையில் பிள்ளையார் சுழி போட்டாக வேண்டும். அந்த ஒற்றை 'உ' எத்தனை கல்யாணத்தைப் பார்த்ததோ, முனையெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. முஸ்லிம் வீட்டுப் பத்திரிகைக்கு அதே இடத்தில் 786. கிறிஸ்தவர்களுக்குச் சிலுவை பிளாக். மூன்றையும் அண்ணன் ஒரே தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

பருவத்துக்கு ஒரு வேலை. தைப்பூசத்துக்கு முன்னால் தண்ணீர்ப் பந்தல் நோட்டீஸ். தீபாவளிக்கு வாழ்த்து அட்டை. டிசம்பர், ஜனவரி அடைமழையில் காகிதம் ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும். இரண்டு கலர் வேலையென்றால் பிள்ளையாரின் தொப்பை ஒரு பக்கமும் அதன் கோடு இன்னொரு பக்கமும் போய் நிற்கும். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். ஆடியில் கல்யாணம் கிடையாது, அது எழுத்துப் பிரிக்கிற மாதம். கட்டி வைத்த பக்கங்களை அவிழ்த்து, மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தாக அதனதன் அறைக்குத் திருப்பி அனுப்புவார் அண்ணன். டிக், டிக், டிக் என்று விழும். ஊரார் பெயர், நல்ல நேரம், மண்டபத்தின் விலாசம் எல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்தாகிவிடும். சாவு அறிவிப்பு மட்டும் ஆடி வரைக்கும் காத்திருக்காது. ராத்திரி வந்தாலும் கதவைத் திறந்து அடித்துக் கொடுப்பார்கள். விலை பேச மாட்டார்கள். விடிவதற்குள் அந்த எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும் என்பது அண்ணன் தானாக வைத்துக்கொண்ட சட்டம்.

ஆயுத பூசையன்றுதான் டிரெடிலுக்கு ஓய்வு. சக்கரத்தில் சந்தனம், கேஸ்களுக்குக் குங்குமம், தரையெல்லாம் பொரி. அன்றைக்கு எழுத்தைத் தொடக் கூடாது. அந்த ஒரு நாள் அமைதியில் தெருவே காது அடைத்தமாதிரி இருக்கும்.

பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன், நான் பால்டின்னோடு ஓடிய வரிசை எவ்வளவு நீளமானது என்று. இந்த ஊரில் 'முனாஜாத்துத் திரட்டு' என்ற நூல் அச்சேறியது 1872இல். மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கியது 1887இல். சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியது 1935இல். அங்கெல்லாமும் யாரோ ஒருவர் நாள் பூராவும் நின்றுகொண்டுதானே கோத்திருப்பார்? அந்தக் கைகளின் பெயர் எந்தப் பக்கத்திலும் எனக்கு அகப்படவில்லை.

1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. சிங்கப்பூரும் பின்னால் ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று எழுத்துகளுக்கு உருவம் மாறியது. தும்பிக்கை தூக்கிய பழைய 'லை', 'னை', சுழித்துக்கொண்டு வளைந்த 'றா' எல்லாம் போயின. அண்ணனுக்கு உண்மையில் வேலை குறைந்தது. இருக்கிற கொம்பையும் காலையும் பக்கத்தில் சேர்த்தால் முடிந்தது. ஆனாலும் அந்தப் பதின்மூன்று அறைகளில் அவர் வேறு எழுத்தைப் போடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டி வைப்பார். "என் பேர்ல தும்பிக்கைய வெட்டாதீங்கய்யா" என்று கேட்டு வரும் கிழவர்களுக்காக என்று சொல்லிக்கொள்வார். அவர்களும் ஒவ்வொருவராக வராமல் போனார்கள்.

1982இல் பழைய தேக்கா மார்க்கெட் ரோட்டைத் தாண்டிப் புதுக் கட்டடத்துக்குப் போனது. அச்சாபீஸுக்கு ரசீது புத்தகம் அச்சடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்த இறைச்சிக் கடைக்காரர்கள் சிலர் அத்தோடு தொழிலை விட்டார்கள். ஆஃப்செட் வந்தது, அப்புறம் கம்ப்யூட்டர். ஒருநாள் பள்ளிவிட்டு வருகிற தம்பிமார்கள் வாயிலிருந்துதான் கேட்டேன், பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் லோரி அச்சாபீஸ் வாசலில் வந்து நிற்கிறதாம். போய்ப் பார்த்தால், எழுத்துகளைச் சாக்கில் அள்ளி கிலோக் கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். 'ம்'மும் 'உ'வும் பழைய 'லை'யும் ஒரே சாக்கில். அண்ணன் அஞ்சடித் தூணில் சாய்ந்து நின்றார். "போறேன் அண்ணே" என்றேன். "ம்" என்றார்.

ராபர்ட்சன் கீயில் ஒரு பழைய கிடங்கைப் புதுப்பித்து, 2002இல் அச்சுக் கலைக்கென்று ஒரு நிலையம் திறந்தார்கள். ஓவியர்கள் அங்கே காகிதம் செய்கிறார்கள், கல்லிலும் தகட்டிலும் வரைந்து அச்செடுக்கிறார்கள். ஒருமுறை போயிருந்தேன். மை வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. கையில் அழுக்குப் படாத அளவுக்கு எல்லாம் சுத்தம். உருளை திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டன்லப் ஸ்ட்ரீட்டில் எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. வாசலில் சக்கரப் பெட்டிகள் உருள்கின்றன. கடையின் முகப்பு மட்டும் அழகாகச் சாயம் பூசிப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் அம்மாவின் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடக்கும். மஞ்சள் தடவிய மூலை கறுத்துப்போயிருக்கும். எடுத்துப் படிக்காதீர்கள், திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து அழுத்திய மேடு இன்னும் இருக்கும்.