உம்மாவைப் பிறர் கையில் ஒப்படைத்தோமா?



பெற்றோர் முதுமை அடைந்துவிட்டால் அவர்களிடம் ‘சீ’ என்ற சொல்லைக்கூட உதிர்க்கலாகாது என்று தடுக்கும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை மத்ரஸாவில் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். பிள்ளைகளுக்கு அதை விளக்கிய எங்கள் நாவிலிருந்தே ஒரு நள்ளிரவில் அச்சொல் வெளிப்பட்டது. கேட்டவர், எங்களைப் பெற்ற உம்மா. நனைந்த விரிப்பை மூன்றாம் முறையாக மாற்ற அவரைப் புரட்டியபோது கையைக் கடித்துவிட்டார். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

ஆறுமுகநேரியில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் பலருக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர் உம்மா. முதலில் அஸர் தொழுததை மறந்து மீண்டும் மீண்டும் தொழுதார். பின்னர் மஃரிப் நெருங்கும்போதெல்லாம், “எங்க வீட்டுக்குப் போகணும்” என்று வாசலுக்கு வந்து நின்றார். நாங்கள் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே இருந்தோம். “இதுதானே உம்மா உங்கள் வீடு!” என்று வாதாடினோம். அறிவு நீங்கியவரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்ற ஹதீஸைப் பாடமாக நடத்துகிறவர்கள் நாங்கள். அது எங்கள் வீட்டுக்கும் உரியது என்பது உறைக்கவில்லை.

மருத்துவர் இதனை டிமென்ஷியா என்றார். வயதானால் வரும் சாதாரண மறதி அன்று; மூளையின் செல்கள் சிறிது சிறிதாக அழியும் நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அறிந்தவற்றையெல்லாம் அறியாதவராகிவிடும் தள்ளாமையைக் குறித்து அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனம் பேசுகிறது. அந்நிலைக்குத் தள்ளப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள்.

நோய் முற்றியபோது உம்மா நடக்கவில்லை. பேச்சும் அநேகமாக நின்றுபோனது. நாங்கள் அன்போடு செய்தவை பல தவறாக முடிந்தன. படுத்த நிலையிலேயே கஞ்சி ஊட்டினோம்; அவருக்குப் புரையேறியது. உறங்கட்டும் என்று இரவு முழுவதும் ஒரே பக்கமாகப் படுக்கவிட்டோம். அவரைச் சுத்தம் செய்வது மகன்களாகிய எங்களுக்கும் கூச்சம். உம்மாவோ ஆடையை இறுகப் பற்றிக்கொள்வார். அறிவு மங்கிய பின்னும் அவரிடம் ஹயா மங்கவில்லை. மணமாகிச் சென்ற தங்கை நாள்தோறும் வந்துபோவதற்கும் வழியில்லை.

பயிற்சி பெற்ற பெண் ஒருவரை வீட்டோடு அமர்த்தலாம் என்றபோது உறவினர் சிலர் முகம் சுளித்தனர். “பெத்த புள்ளைங்க இருக்கும்போது கூலிக்கு ஆளா?” என்று கேட்டனர். அந்தக் கேள்வி எங்களுக்குள்ளும் இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து வந்த அச்சகோதரி கிறிஸ்தவர். முதல் நாள் உம்மாவின் உடலைத் துடைத்தவர் இடுப்பெலும்பின் மேல் ஒரு படுக்கைப்புண்ணைக் கண்டார். “அம்மா கோபத்துல கடிக்கல சார். வலியைச் சொல்லத் தெரியல, அதான்” என்றார். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. வலியில் துடித்தவரிடமா அச்சொல்லைச் சொன்னோம்!

அவரிடமிருந்து நாங்கள் கற்றவை பல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு சிறு கரண்டியாக ஊட்டி, உண்ட பின்னும் அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். திடீரென முரண்டு பிடித்தால் வலியோ, மலச்சிக்கலோ, சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “வீட்டுக்குப் போகணும்” என்பவரிடம் வாதாடாமல் “போகலாம்மா, கஞ்சி குடிச்சிட்டுப் போகலாம்” என்று தேற்ற வேண்டும். அவர் கற்ற தொழில் இது. அன்பு ஒன்றே இதைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

பாலூட்ட வேறொரு பெண்ணை அமர்த்துவதில் குற்றமில்லை, அவருக்குரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம். ஹலீமா (ரலி) அவர்கள் பாலூட்டி வளர்த்ததால் அன்னை ஆமினாவின் தாய்மை குறைந்துவிடவில்லை. பிள்ளைக்குப் பொருந்தும் இந்த நியாயம் தள்ளாத தாய்க்கும் பொருந்தும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஆள் அமர்த்துவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. முதுகு வலிக்க அவர் செய்த வேலையைப் பகிர்ந்துகொண்டதால், உம்மாவின் அருகே அமர்ந்து ஓத எங்களுக்கு நேரம் கிடைத்தது. எங்கள் பெயர்களை மறந்தவர், ஃபாத்திஹாவை ஓதினால் உடன் உதடுகளை அசைத்தார்.

அச்சகோதரிக்கும் நம்மீது ஹக் உண்டு. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வாராந்தர விடுமுறை, இரவில் உறங்கும் நேரம், நாம் உண்ணும் அதே உணவு ஆகியவை அவருக்குரியவை. அவருடைய ஓய்வு நாளில் நாங்கள் முறைவைத்து உம்மாவைப் பார்த்துக்கொண்டோம்.

எல்லாக் குடும்பங்களாலும் மாத ஊதியம் கொடுக்க இயலாது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, நோய்த்தணிப்புப் பணி பின்னர் மலப்புரத்தில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் பணியாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவை உண்டு. முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. நம் ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து சில பெண்களுக்கு இப்பயிற்சி அளித்தால், ஏழை வீட்டு உம்மாமார்களின் புண்கள் ஆறும். அப்பெண்களுக்கும் கண்ணியமான தொழில் அமையும்.

உம்மாவின் புண் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். அதன் பின்னர் ஏழு மாதங்கள் எங்களோடு இருந்து, அல்லாஹ்வின் நாட்டப்படி அமைதியாகப் பிரிந்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவருக்குப் புரிந்ததா என்பதை அல்லாஹ்வே அறிவான். அவனிடம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

யா அல்லாஹ், சிறு வயதில் எங்களைப் பரிவோடு வளர்த்தவர்களுக்கு நீ கருணை புரிவாயாக. அவர்களைத் தொட்டுத் துடைத்த கைகளுக்கும் நல்வழியும் நற்கூலியும் அருள்வாயாக. ஆமீன்.