‘கை சின்னது’ன்னு சொன்னாங்க... கிட்டார்தான் பெருசு!

கிட்டார் கற்றுக்கொள்ள ஆசையாகச் சேர்ந்து பாதியில் விட்டவர் உங்கள் வீட்டிலும் ஒருவராவது இருப்பார். காரணம் கேட்டால், ‘விரல் எட்டலை’ என்பார்.

நானும் அந்தப் பட்டியலில் இருந்தவள்தான். என் உயரம் 4 அடி 11 அங்குலம். வகுப்பில் கொடுத்த பெரிய கிட்டாரை மடியில் வைத்தால், வலது தோள் காதுவரை ஏறிவிடும். ‘எஃப்’ கார்டு பிடித்தால் மணிக்கட்டு கெஞ்சும். “உனக்குக் கை சின்னதும்மா, கீபோர்டுக்கு மாறிடு” என்றார் மாஸ்டர். மாறவில்லை. ஆனால், கிட்டாரையும் இரண்டு வருடம் தொடவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகள், ஊருக்குத் திரும்பும்போது தன் சின்ன கிட்டாரை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். ‘லூனா’ கம்பெனியுடையது. கழுத்துப் பலகையில் புள்ளிகளுக்குப் பதில் வளர்பிறை, தேய்பிறை நிலாக்கள். உடலில் சித்திர வேலைப்பாடு. “என்னடி, பொம்மை மாதிரி இருக்கு!” என்றார் அம்மா.

பொம்மை இல்லை. 2005-ல் அமெரிக்காவில் லூனாவைத் தொடங்கிய ஈவான் டி வில்லியர்ஸ், வண்ணக் கண்ணாடி ஓவியக் கலைஞர். அவருடைய அம்மா பேஸ் கிட்டார் வாசிப்பவர். கனமும் அளவும் பொருந்தாத கருவியோடு அம்மா போராடியதைப் பார்த்த மகள், உடம்புக்கு இதமாகவும் கண்ணுக்கு அழகாகவும் கிட்டார் செய்யக் கிளம்பினார். மருதாணிக் கோலம் போட்ட மாடல்கள்கூட அவர்களிடம் உண்டு.

சின்ன கிட்டாரில் அப்படி என்ன மாறுகிறது? சாதாரண கிட்டாரில் கம்பியின் நீளம் சுமார் 25.5 அங்குலம். டெய்லர் நிறுவனத்தின் ‘பேபி டெய்லர்’ போன்ற சின்ன கிட்டாரில் 22.75 அங்குலம். முதல் நான்கு கட்டங்களைக் கடக்க விரல் நீள வேண்டிய தூரம் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது. அதே கம்பியை அதே சுருதிக்கு முறுக்கினாலும் இழுவிசை சுமார் 20 சதவிகிதம் குறைவு. அழுத்துவது அவ்வளவு சுலபம்!

உடல் சிறுத்தால் சத்தமும் அடிநாதமும் குறையும், உண்மைதான். அங்கேதான் ‘எலெக்ட்ரிக்’ பாதி கைகொடுக்கிறது. கம்பிகளின் அதிர்வை உள்ளே இருக்கும் பிக்அப் மின் சமிக்ஞையாக மாற்றும். ஒயரை ஆம்ப்ளிஃபையரில் செருகினால், அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும். 2015-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எட் ஷீரன் தனி ஆளாக, சின்ன மார்ட்டின் கிட்டாரும் லூப் பெடலும் வைத்துத்தான் பல்லாயிரம் பேரைக் கட்டிப்போட்டார். அவர் கையை யாரும் அளந்து பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு கிட்டார் வாங்கப் போகிறீர்களா? விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் கடையிலேயே உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலது தோள் தூக்கக் கூடாது. இடது கை முதல் கட்டத்தைத் தொடும்போது முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். படம் போட்டிருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். அழகாக இருந்தால் தினமும் எடுக்கத் தோன்றும்.

எனக்கு இப்போது ‘எஃப்’ கார்டு சுத்தமாக வருகிறது. கை அதே சைஸ்தான்!