பூனை உலவும் வீட்டில் லில்லி



லில்லி என்று நாம் பொதுவாகச் சொல்பவை யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. மழை பெய்த சில நாட்களில் தரையை ஒட்டிப் பூக்கும் மழை லில்லி ஓர் இனம். அமைதி லில்லி எனப்படும் வெண்மடல் செடி சேம்புக்கு உறவு. மலைநாட்டுப் பசுமைக்குடில்களில் வளர்ந்து திருமண மேடைகளுக்கு வரும் பெரிய பூவே அப்பெயருக்கு முழு உரிமையுடையது. இந்த வேறுபாட்டை அறிவது, செடியைக் காப்பதற்கு மட்டுமன்றி, வீட்டில் உலவும் உயிர்களைக் காப்பதற்கும் எங்களுக்குத் தேவையாயிற்று.

மழை லில்லி எளிய செடி. வெங்காயம் போன்ற அதன் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில், வெயில் படும் இடத்தில் ஊன்றினால் போதும். சில வாரங்கள் காயவிட்டு, பிறகு நன்றாக நீர் கொடுத்தால் பூக்கும். ஆயினும் வானத்து நீருக்கு அது காட்டும் மகிழ்ச்சியைக் குழாய் நீருக்குக் காட்டுவதில்லை. தொட்டியில் கிழங்குகள் நெருக்கமாகிவிட்டால் பிரித்து நட வேண்டும். எங்கள் வீட்டில் உளூச் செய்த நீர் அவற்றுக்கே போகிறது. ஒருமுறை உளூவுக்குப் பயன்பட்ட நீர் தூய்மையானதே. மீண்டும் உளூவுக்கு ஆகாது என்பதுதான் சட்டம். சோப்பு கலவாத அந்நீர் செடிக்கு நன்றாகவே ஆகும்.

மலை லில்லிக்குப் பணிவிடை அதிகம். உதகையிலிருந்து உறவினர் ஒருவர் மூன்று கிழங்குகளை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் அதை நட வேண்டும்; ஏனெனில் கிழங்குக்கு மேலுள்ள தண்டிலிருந்தும் வேர் விடும். தலைக்கு ஒளியும் வேருக்குக் குளிர்ச்சியும் வேண்டும். எனவே மண்தொட்டி, அடியில் ஓட்டுச்சில்லு, செம்மண்ணோடு ஆற்றுமணலும் மக்கிய எருவும், மேலே தென்னைநார் மூடாக்கு. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பூ உதிர்ந்த பின்னும் இலை மஞ்சளாகும்வரை வெட்டலாகாது. அடுத்த பூவுக்கான உணவைக் கிழங்கு அப்போதுதான் சேமிக்கிறது. குளிர்காலமில்லாத நம் சமவெளியில் மறுமுறை பூப்பது அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முளை ஒரு சாண் உயர்ந்தபோதுதான், பூனைகளுக்கு இந்த லில்லி கொடிய நஞ்சு என்பதைக் கால்நடை மருத்துவர் ஒருவர் எங்களிடம் தெரிவித்தார். இலை, பூ, தண்டு யாவும் நஞ்சு. உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடியின் நீரைக் குடித்தாலும் போதும். சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நாய்க்கு இவ்வளவு கேடில்லை. மழை லில்லியும் அமைதி லில்லியும் உண்ணத் தகாதவையே என்றாலும், இவ்வகையில் சிறுநீரகத்தைத் தாக்குபவை அல்ல.

எங்கள் வீட்டுப் பூனை நாங்கள் விலைக்கு வாங்கியதன்று; தானாக வந்து தங்கியது. அபூ கதாதா (ரலி) அவர்கள், தமக்கு உளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை பருகுவதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வரும் உயிர்களுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். சுற்றி வரும் உயிருக்குச் சுற்றி வரும் வழியில் நஞ்சை வைப்பது எப்படி?

"உயரத்தில் வைத்துவிடலாமே, வாப்பா" என்றாள் மகள். பூனை ஏறாத உயரம் எது? மகரந்தமோ கீழே உதிரும். அன்பளிப்பைப் புறக்கணித்ததாக உறவினர் வருந்துவாரோ என்ற தயக்கமும் எங்களுக்கு இருந்தது. அவரிடமே கேட்டோம். பூனையில்லாத மாமி வீட்டுக்குத் தொட்டியை அனுப்பிவிடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். இப்போது மகள் அஸருக்குப் பின் அங்கே சென்று நீர் ஊற்றுகிறாள். மொட்டு விரிந்ததும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடும் பொறுப்பு மாமிக்கு; ஆடையில் கறை படியாது, பூவும் சற்றுக் கூடுதல் நாள் நிற்கும். வீடு திரும்பியதும் மகள் உடை மாற்றிவிட்டே பூனையைத் தூக்குகிறாள்.

எஞ்சியிருப்பது வேலியில் படர்ந்த செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறும் அழகு அதற்கு. மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் கௌட் எனும் மூட்டுநோய்க்கு மருந்து. அதே கொல்சிசின்தான் நஞ்சும். கிழங்கை வள்ளிக்கிழங்கென்று எண்ணி உண்டு மாண்டவர்கள் உண்டு. வேலிக்கு வெளியேதானே இருக்கிறது, இருக்கட்டும் என்பது எங்களில் சிலர் கருத்து. பேரப்பிள்ளை தவழத் தொடங்கிவிட்டது, எடுத்துவிடுங்கள் என்கிறார் உம்மா. உம்மா சொல்லை மீற எவரும் இல்லை. மழை ஓய்ந்து கொடி காய்ந்ததும், இன்ஷா அல்லாஹ், கையுறை அணிந்து தோண்டுவோம். முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கிறது; அது ஒடியாமல் எடுத்தால், தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார்.