க/பெ

ஊராட்சித் தேர்தல் முடிவுகளை மறுநாள் நாளிதழில் தேடினால் கிடைக்காது. மாவட்ட ஊராட்சிக் குழுவில் எந்தக் கட்சிக்கு எத்தனை, ஒன்றியத்தில் எத்தனை என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் என்ற கீழ் இரண்டு படிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி இல்லாத இடத்தில் செய்தியும் கிடையாது. 2020 ஜனவரி 2 அன்று எண்ணத் தொடங்கி மறுநாளும் எண்ணி முடித்த அந்தத் தேர்தலில், 27 மாவட்டங்களில் 90,000க்கும் அதிகமான பதவிகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி இந்தக் கீழ்ப்படிகள்தான். பெண்கள் ஆயிரக்கணக்கில் வென்றதும் அங்கேதான்.

சேலம் மாவட்டத்தில் 20 ஒன்றியங்கள், 385 ஊராட்சிகள். நாமக்கல்லில் 15 ஒன்றியங்கள், 322 ஊராட்சிகள். அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி எங்கள் சேலத்துக்காரர் என்பதால் மேல் இரண்டு படிகளில் யார் ஜெயிப்பார்கள் என்பதைப் பற்றி நிறையப் பேச்சிருந்தது. மாநில அளவில் திமுக அணி கொஞ்சம் முன்னால் வந்தது, இங்கே அதிமுக அணி. அந்தக் கணக்கைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது இளஞ்சிவப்புத் தாளைப் பற்றி.

ஊரகத் தேர்தலில் மின்னணு இயந்திரம் கிடையாது, வாக்குச்சீட்டுதான். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நான்கையும் மடித்து ஒரே பெட்டியில் போடுவார்கள். எண்ணும் நாளில் பெட்டியை மேசைமேல் கவிழ்த்தால் ஹோலிப் பண்டிகை மாதிரி இருக்கும். முதல் வேலை நிறம் பிரிப்பது. பிறகு ஐம்பது ஐம்பதாகக் கட்டுவது. அதன்பிறகுதான் சின்னம் பார்த்து எண்ணுவது. அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் எனக்கும் அந்த வேலை வந்தது; நாமக்கல் மாவட்டத்தில் எங்கள் ஒன்றியம் அல்லாத வேறொரு ஒன்றியம். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் விளக்கு வைத்தபிறகும் நிறம் பிரித்துக்கொண்டிருந்தோம்.

இளஞ்சிவப்பு என்று தேர்தல் ஆணையம் எந்த நினைப்பில் வைத்ததோ, ஊராட்சித் தலைவர் பதவிகளில் பாதிக்குக் குறையாமல் பெண்களுக்கு என்று சட்டம் வந்தபிறகு நடந்த முதல் தேர்தல் அது. 1996 முதல் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. 2016இல் அதைப் பாதியாக்கினார்கள். அந்த ஆண்டே நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். ஆக, சட்டத்தில் 2016இல் கிடைத்த பாதி, நாற்காலியாக மாறியது 2020 ஜனவரி 6 அன்று, பதவியேற்பு நாளில்.

எங்கள் மேசையில் எண்ணிய ஊராட்சி ஒன்றில் ஐந்து பெண்கள் போட்டி. கடைசிச் சுற்றுவரை இருவர் மாறி மாறி முன்னால் வந்தார்கள். வேட்பாளரின் முகவராக உள்ளே ஒருவர் இருக்கலாம். ஐந்து பெண்களுக்கும் முகவராக வந்திருந்தது ஐந்து ஆண்கள். மூன்று பேர் கணவர்கள், ஒருவர் மகன், ஒருவர் கொழுந்தனார். செல்லாத ஓட்டு ஒன்றுக்கு அரைமணி நேரம் வாதாடினார்கள். பூட்டு சாவிக்கும் பக்கத்துச் சின்னத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்த முத்திரை அது. "ஏனுங்க டீச்சர், மை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கந்தானுங்களே ஞாயம்?" என்று ஒருவர் கேட்டார். வேட்பாளர்கள் எங்கே என்று நான் கேட்டதற்கு, "அவங்க வெளிய வேன்ல இருக்கறாங்க, கூட்டத்துக்குள்ள எதுக்குங்க" என்றார்.

இரவு பதினொன்றுக்கு முடிவு சொன்னார்கள். ஜெயித்த பெண்ணின் பெயரை ஒலிபெருக்கியில் படித்தபோது, படிவத்தில் உள்ளபடி அவர் பெயரோடு 'கணவர் பெயர்' என்று இன்னொரு பெயரும் சேர்ந்து வந்தது. மாலை விழுந்தது அந்த இரண்டாவது பெயருக்கு. சான்றிதழில் கையெழுத்துப் போட வேட்பாளரே வர வேண்டும் என்று அதிகாரி சொன்னபிறகுதான் வேனிலிருந்து அவரைக் கூட்டி வந்தார்கள். நாற்பதை ஒட்டிய வயது. நடுங்காமல், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "எத்தன ஓட்டுல டீச்சர்?" என்றார். சொன்னேன். "எங்க தெருவு பூத்துல எத்தன?" என்று அடுத்த கேள்வி. கணவர் அதுவரை அதைக் கேட்கவே இல்லை.

இரண்டு நாளில் ஊரெங்கும் பிளக்ஸ். அந்த வாரம் ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே எண்ணிக்கொண்டு போனேன். தலைவி படம் ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது போல ஓரத்தில். கணவர் படம் வெள்ளைச் சட்டையில், கும்பிட்ட கையோடு, ஆள் உயரத்துக்கு. சிலவற்றில் தலைவியின் படமே இல்லை, பெயர் மட்டும். பள்ளிச் சான்றிதழில் த/பெ; கல்யாணமானதும் க/பெ; நம் பெயருக்குப் பின்னால் எப்போதும் ஒரு சாய்வுக்கோடு உண்டு. பிளக்ஸில் அந்தச் சாய்வுக்கோடு மறைந்து, பின்னால் இருந்தவர் முன்னால் வந்துவிடுகிறார்.

இதை எங்கள் மண்ணில் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதன்முதலாகத் தொடங்கியது சேலத்தில். பெண் சிசுவைக் கொல்ல வேண்டாம், அரசுத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் தாய்மார்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை இங்கே இருந்தது. நாமக்கல் அப்போது தனி மாவட்டமாகவில்லை, அதுவும் சேலம்தான். அதே 1992 டிசம்பரில்தான் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த ஆண்டு பிறந்து, பிழைத்த ஒருத்திக்கு 2019 டிசம்பர் வாக்குப்பதிவின்போது 27 வயது. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 போதும். அதற்கு இரண்டு வருடம் முந்திப் பிறந்தவள் நான், எங்கள் வீட்டில் மூன்றாவது பெண். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்திருந்த ஐந்து பெயரும் பெண் பெயர் என்பதைப் பார்த்தபோது, சாய்வுக்கோட்டை மறந்து, அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

எல்லா இடத்திலும் ஓட்டு எண்ணவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அந்தத் தேர்தலில் 18,000க்கும் மேற்பட்டோர் போட்டியின்றித் தேர்வானார்கள், பெரும்பாலும் வார்டு உறுப்பினர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. போட்டியின்றி என்றால் ஊர் ஒற்றுமை என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஒற்றுமை ஏற்படும் இடம் கோயில் வாசல். அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஆண்கள். பெண்கள் வார்டு என்றால் யார் வீட்டு மருமகள் என்று முடிவாகும். அந்த மருமகள் அன்று சேகோ ஆலைக்கோ தறிக்கோ வேலைக்குப் போயிருப்பாள். திரும்பி வரும்போது உறுப்பினர். ஓட்டுப் பெட்டி இல்லாவிட்டால் பெண் எத்தனை பேரிடம் கையெடுத்துக் கும்பிட்டாள், எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர்ப் பிரச்சினை கேட்டாள் என்ற பாடமும் இல்லாமல் போகிறது. தோற்றாலும் அந்தப் பத்து நாள் அலைச்சல் ஒரு பெண்ணுக்கு ஊரைக் காட்டிவிடும். தன் ஊரின் எல்லாத் தெருவையும் அதுவரை பார்த்திராத பெண்கள் இருக்கிறார்கள். காலனிக்குள் முதல்முறை கால் வைத்தது ஓட்டுக் கேட்கப் போனபோதுதான் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சொன்னவர் ஆதிக்கச் சாதிப் பெண். அவருக்கு அதில் வெட்கம் இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

ஜனவரி 2 முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஜனவரி 11 இன்னொரு முடிவு சொன்னது. அன்றுதான் துணைத் தலைவர்களை வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். துணைத் தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு என்று ஒதுக்கிய ஊரில் துணைத் தலைவராக யார் வந்து உட்காருவார்கள் என்று யூகிக்க அரசியல் அறிவு தேவையில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி சரவணகுமார் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானதே, அது அந்த ஒரு ஊரின் படம் மட்டும்தானா? அதே ஆண்டு சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் தலைவர் அமிர்தத்தால் கொடியேற்ற முடியவில்லை. செய்தி வெளியாகி, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் வந்து நின்றபிறகு ஏற்றினார். பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றத் தடையிருக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சட்டப்படி தலைவராகிவிட்டவருக்கு ஒரு நாற்காலிக்கும் ஒரு கயிற்றுக்கும் மேலிடத்திலிருந்து கடிதம் வர வேண்டும்.

நாமக்கல்லில் அந்த ஆண்டு எல்லோரும் பேசிய முடிவு ஒன்று உண்டு. திருச்செங்கோடு ஒன்றியத்தின் 2ஆவது வார்டில் திமுக வேட்பாளராக நின்ற திருநங்கை ரியா 900க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒன்றியக் குழு உறுப்பினராகத் தமிழ்நாட்டில் தேர்வான முதல் திருநங்கை அவர். திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர் இருப்பதால் அந்த ஒப்புமை யார் நாவிலும் உடனே வந்துவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. சாமி ஓட்டுக் கேட்டுப் போனதில்லை. ரியா போனார், வெயிலில் நடந்து, அந்த ஊர்களின் ஆண்களிடமும் கிழவிகளிடமும் கேட்டு வாங்கினார். அவர் பெயருக்குப் பின்னால் எந்தச் சாய்வுக்கோட்டையும் யாரும் தேடவில்லை என்பதையும் கவனித்தேன்.

சரி, பெயரளவுக்குத் தலைவர் என்று கேலி செய்யப்படுகிற மற்ற பெண்கள்? அந்தக் கேலியைப் படித்தவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள், பெண்ணியம் பேசும் நாமும் சேர்த்து. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆண்கள் மாதக்கணக்கில் வடமாநிலங்களுக்குப் போய்விடுவார்கள். லாரி ஓட்டுகிறவர்களும் அப்படியே. ஆடு மாடு, கோழிக்குத் தீவனம், சீட்டுப் பணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பிள்ளை பள்ளிக்கூடம் என்று எல்லாக் கணக்கும் பெண் தலையில். இத்தனையையும் நடத்துகிறவளுக்கு மோட்டார் பழுதானால் யாரைக் கூப்பிடுவது, தெருவிளக்குக்கு எவ்வளவு ஆகும் என்பது மட்டும் புரியாது என்கிறார்கள். புரியும். கையெழுத்தைக் கேட்கும்போது தாளைப் படிக்க விடாததுதான் பிரச்சினை. அப்போது தலைவருக்கு மாத மதிப்பூதியம் 1000 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு பெண் தறி வேலையை விட்டுவிட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு அலைய முடியாது. யார் வருமானத்துக்குக் கவலைப்படாமல் அலைய முடியுமோ அவர் கையில் கோப்பு போகிறது. கணவர்களைத் திட்டிவிட்டு இந்தக் கணக்கைப் பார்க்காமல் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் மேசையில் ஜெயித்த அந்தப் பெண்ணை அதன்பிறகு மூன்று முறை பார்த்தேன். முதல்முறை பள்ளி ஆண்டு விழாவில். கணவர் பேசினார், இவர் பரிசு கொடுத்தார். இரண்டாவது முறை கொரோனா இரண்டாம் அலையின்போது. தூய்மைக் காவலர்களோடு முகக்கவசம் போட்டுக்கொண்டு பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு நடுவில் நின்றிருந்தார். கணவர் தொற்றோடு வீட்டுக்குள் இருந்தார். அந்த இருபது நாளில் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இவரே தனியாகப் போய் வந்ததில், எந்த ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு போகிறது என்று முதல்முறையாகக் கோப்பைப் பார்த்தாராம். "பாத்துட்டனுங்க டீச்சர், இனி பாக்காதவ மாதிரி இருக்க முடியுங்களா?" அதற்குப் பின் கிராம சபையில் மைக்கை அவர்தான் பிடித்தார் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். பிளக்ஸில் படம் அதே ஓரத்தில்தான் இருந்தது.

2025 ஜனவரி 5 அன்று அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. குறித்த காலத்தில் தேர்தல் வரவில்லை, மறுபடி தனி அலுவலர்கள். மூன்றாவது முறை நான் அவரைப் பார்த்தது அதற்குப் பிறகு, அவர் வீட்டுத் தறிக்கூடத்தில். இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது, கத்தித்தான் பேச வேண்டும். சுழற்சியில் அவர் ஊராட்சி பொதுப் பிரிவுக்குப் போய்விடலாம் என்று பேச்சு அடிபடுவதாகச் சொன்னார். அப்படியானால் வீட்டுக்காரர் நிற்பதற்கு இப்போதே ஏற்பாடு நடக்கிறதாம். "நீங்க?" என்றேன்.

நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டே, "பொதுன்னா பொம்பள நிக்கக் கூடாதுன்னு எங்கீங்க எழுதியிருக்குது?" என்றார்.

அடுத்த தறியில் நின்றிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை.