பொறுமை கற்பித்த பொத்தான்

குளிர் என்றால் மார்கழி மாதத்து அதிகாலைப் பனிதான் என்று எண்ணியிருந்தவன் நான். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஃபஜ்ருத் தொழுகைக்குப் போய்வந்து, "இன்று என்ன குளிர்!" என்று சொல்லிக்கொள்வதோடு நம் ஊர்க் குளிர் முடிந்துவிடும். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டின் எட்மண்டன் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் உண்மையான குளிரின் முகத்தைக் கண்டேன். அம்மாதத்தின் இரண்டாம் வாரம் ஆல்பர்ட்டா மாகாணம் முழுவதையும் கடுங்குளிர் பற்றிக்கொண்டது. வெப்பமானி மைனஸ் 30க்கும் கீழே இறங்கிக் கிடந்தது. வாசலைத் தாண்டிய மறுகணமே மூக்கினுள் இருக்கும் ஈரம் உறைந்து குத்தியது.

ஜனவரி 12 வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் புறப்பட்டோம். மகன், மருமகள், பேரன், நான் என நால்வரும் அவசரமாக ஒளூச் செய்து, கைகால்களைச் சரியாகத் துடைக்காமலேயே கோட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினோம். காலணிகளில் ஒட்டிய பனியும் எங்களோடு ஏறிக்கொண்டது. அந்த ஊரில் வெளியே நிற்கும் கார்களின் முன்புறத்தில் ஒரு மின்கம்பி தொங்கும். இரவில் அதனை மின்னிணைப்பில் செருகி வைத்தால் எஞ்சின் உறைந்து போகாமல் இளஞ்சூட்டில் இருக்கும். முந்தைய இரவு அதைச் செருக மறந்திருந்தார்கள். எஞ்சின் முனகி முனகித்தான் கிளம்பியது.

முன்னிருக்கையில் மகனுக்குப் பக்கத்தில் நான். எதிரே இருந்த சிறு திரையில் 22 என்ற எண் ஒளிர்ந்தது. நம் ஊரில் அதே 22ஐ வைத்தால் ஏறி அமர்ந்தவுடன் விசிறி சீறிக்கொண்டு வேலையைத் தொடங்கும். இங்கோ ஒரு சத்தமும் இல்லை. முன்கண்ணாடியை நோக்கி மெல்லிய காற்று மட்டும் கசிந்தது. அதுவும் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. "இத்தனை விலை கொடுத்து வாங்கிய வண்டியில் ஹீட்டர் வேலை செய்யவில்லையே!" என்றேன். "கொஞ்சம் பொறுங்கள் வாப்பா, தானே சூடாகும்" என்றான் மகன்.

பொறுக்க முடியவில்லை. அவன் சாலையில் கண்ணாக இருந்த நேரத்தில் என் கை சும்மா இருக்கவில்லை. 22ஐ உச்சத்துக்கு ஏற்றினேன். விசிறியை முழு வேகத்துக்குத் திருப்பினேன். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. வெளிக்காற்று உள்ளே வருவதால்தானே இந்தக் குளிர் என்று எண்ணி, உள்ளே இருக்கும் காற்றையே சுழலவிடும் பொத்தானையும் அழுத்திவிட்டேன்.

சிறிது நேரத்தில் முன்கண்ணாடி வெளுத்தது. ஓரத்தில் தொடங்கிய வெண்மை நடுவரை பரவியது. ஈரம் படிந்த இடங்கள் உட்புறத்திலேயே உறைபனியாகிவிட்டன. மகன் கையுறையால் தேய்த்தான். தேய்த்த இடம் மீண்டும் மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு நாற்சந்தி. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு தாயும் அவள் கையைப் பிடித்திருந்த சிறுவனும் நிழல்போலத் தெரிந்தார்கள். பிரேக்கை அழுத்தினான். பனியில் வண்டி வழுக்கி, அவர்களுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. பின்னால் மருமகள் "யா அல்லாஹ்!" என்று அலறியது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அல்லாஹ் காப்பாற்றினான், அல்ஹம்து லில்லாஹ்!

மகன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. நான் அழுத்தியிருந்த பொத்தானை விடுவித்தான். முன்கண்ணாடிக்குக் காற்றைச் செலுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தான். சில நிமிடங்களில் எஞ்சின் சூடேற, கண்ணாடியின் அடிப்பகுதியிலிருந்து வெண்மை கரைந்தது.

தொழுகை முடிந்து திரும்பும் வழியில் அவன் விளக்கிய பின்தான் என் அறியாமை எனக்கு விளங்கியது. காரின் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்னும் திரவம் எஞ்சினின் சூட்டை வாங்கி வருகிறது. அந்தச் சூட்டின் ஒரு பகுதிதான் நமக்குக் கிடைக்கும் வெப்பக்காற்று. ஓடிப் பழகிய எஞ்சினில் அத்திரவம் ஏறத்தாழ 90 டிகிரி சூட்டில் இருக்கும். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியிலோ வெளிக்காற்றைப் போலவே சில்லிட்டிருக்கும். வண்டிக்குள்ளும் வெளியிலும் உள்ள வெப்பத்தையும், வெயிலின் கடுமையையும், கூலன்டின் சூட்டையும் சென்சார்கள் அளந்து சொல்கின்றன. கொடுப்பதற்குச் சூடு இல்லாத நேரத்தில் விசிறியைச் சுழற்றினால் ஏறியிருப்பவர்கள் மேலும் நடுங்குவார்கள் என்பதை அறிந்தே அந்தக் கருவி விசிறியை அடக்கி வைக்கிறது. திரவம் சூடேறியதும் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் கால்பக்கம் வெப்பத்தை அனுப்புகிறது. உள்ளே 22 டிகிரியை நெருங்கியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

நான் உச்சத்துக்கு ஏற்றியதால் ஒரு பயனும் விளையவில்லை. 22 என்று வைத்தபோதே வெப்பத்துக்கான வழியை அது முழுமையாகத் திறந்துதான் வைத்திருந்தது. எண்ணைக் கூட்டினால் வண்டி கடைசியில் அதிகமாகச் சூடாகுமே தவிர, விரைவாகச் சூடாகாது.

கண்ணாடி மங்கியதற்கும் காரணம் நாங்களே. நால்வரின் மூச்சு, ஒளூவின் ஈரம், காலணியில் உருகிய பனி எல்லாம் சேர்ந்து வண்டிக்குள் ஈரத்தை நிறைத்திருந்தன. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 30 டிகிரியிலோ அரை கிராம்கூடத் தாங்காது. ஆகவே நான் பகையென்று எண்ணி வெளியே நிறுத்திய அந்தக் குளிர்காற்றுதான் உலர்ந்த காற்று. அதை உள்ளே எடுத்துச் சூடாக்கிச் செலுத்தினால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். நானோ ஈரக்காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டேன். நம் ஊரில் மழைக்காலத்தில் கண்ணாடி மங்கினால் ஏ.சி.யைப் போடுகிறோம், அது காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடுகிறது. உறைநிலைக்குக் கீழே பெரும்பாலான கார்களில் ஏ.சி.யின் கம்ப்ரஸர் இயங்காது. அங்கே வெளிக்காற்றே அந்த வேலையைச் செய்கிறது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? நாளை முதல் வண்டியைக் கராஜுக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டால் சூடாகிவிடுமே" என்றேன். மகன் பதறிவிட்டான். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கராஜில் அது நிறைந்து வீட்டுக்குள்ளும் புகுந்து, உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். கதவு திறந்திருந்தாலும் போதாது. வண்டியை வெளியே எடுத்தே சூடாக்க வேண்டும். புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொண்டிருந்தாலும் அதே ஆபத்துதான். குளிர்நாடுகளில் பிள்ளைகளைக் குடியமர்த்தியிருக்கும் பெற்றோர் இதை அவர்களுக்கு நினைவூட்டத் தவறக் கூடாது.

மறுநாள் 13ஆம் தேதி மாலை, மாகாண அரசின் அவசர அறிவிப்பு எல்லோருடைய கைபேசியிலும் ஒலித்தது. மின்சாரம் பற்றாக்குறையை நெருங்கிவிட்டதால் சிக்கனமாகப் பயன்படுத்துமாறும், மின்கார்களுக்கு மின்னேற்றுவதைத் தள்ளிவைக்குமாறும் கேட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மின்கார் இருந்தது. எஞ்சின் சூடாகக் காத்திராமல் மின்சாரத்தாலேயே அது உடனே வெப்பம் தரும். ஆனால் அந்த வெப்பத்துக்காகும் மின்சாரம் பேட்டரியிலிருந்தே போவதால், குளிர்காலத்தில் அது ஓடும் தூரம் குறைந்துவிடும். காத்திருப்பதோ இழப்பதோ, ஏதோ ஒரு விலையைக் கொடுத்தே வெப்பத்தைப் பெற வேண்டியிருக்கிறது.

அதன்பின் நான் ஊர் திரும்பும்வரை எங்கள் வழக்கம் மாறியது. ஒளூச் செய்தபின் துவாலையால் நன்றாகத் துடைத்துக்கொள்வோம். காலணியைத் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டே ஏறுவோம். கண்ணாடியின் கீழே வெளிக்காற்று நுழையும் வாயில் பனி மூடியிருந்தால் துடைத்துவிடுவோம். தானியங்கி நிலையில் 22 என்று வைத்துவிட்டு, கண்ணாடி முழுவதும் தெளிந்த பிறகே வண்டியை நகர்த்துவோம். பொத்தான்களின் பக்கம் என் கை போவதே இல்லை. "அப்படியே விட்டுவிடுங்கள்" என்று பேரன் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

அந்த நகரில்தான் 1938இல் கனடாவின் முதல் பள்ளிவாசலான அல் ரஷீத் எழுந்தது. ஹில்வி ஹம்தான் என்ற பெண்மணி நகர மேயரை நேரில் சந்தித்து நிலம் கேட்டார் என்பது வரலாறு. அதே குளிரில், இன்றைய வசதிகள் ஒன்றும் இல்லாமல், தொழுவதற்கு ஓர் இடத்துக்காகப் பொறுத்திருந்த அந்தச் சிறு சமுதாயத்தை எண்ணினேன். சில நிமிடங்கள் பொறுக்காமல் போன என் கையை எண்ணி வெட்கப்பட்டேன்.

இறைவனிடம் கையேந்தும்போதும் இப்படித்தானே நடந்துகொள்கிறோம்! கேட்டது உடனே வரவில்லையென்றால் மறுக்கப்பட்டுவிட்டதாக எண்ணி நெஞ்சு புழுங்குகிறோம். பொறுமையிழந்து நாமே எதையாவது செய்து, எதிரே உள்ள வழியையும் காணவொட்டாமல் மறைத்துக்கொள்கிறோம். தாமதம் என்று நாம் எண்ணியதில் நமக்கான நன்மை இருந்தது என்பது பிறகுதான் தெரிகிறது.

பெயர் தெரியாத அந்தத் தாயும் மகனும் எங்கிருந்தாலும் நலமாக இருக்க வேண்டும் என்று என் துஆவில் கேட்டுவருகிறேன். அவர்களை அன்று காத்த அல்லாஹ், நம் பிள்ளைகள் செல்லும் வழிகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.