பாகூரில் ஒரு கொலொம்போ

'சனி, ஞாயிறு பாண்டிச்சேரி போறேன்' என்று ஆபீசில் வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட் ஆசாமி கண்ணடிப்பார். கேஷியர், யாரும் பார்க்காதபோது ஐந்நூறு ரூபாயை நீட்டி, "வரும்போது ஒண்ணே ஒண்ணு..." என்பார். நான் போனது பாகூருக்கு, நண்பனின் வீட்டுக்கு. இரண்டு நாளும் அங்கே எனக்குக் கிடைத்த ஒரே பானம் மோர். நம்பினால் நம்புங்கள்.

பாண்டியிலிருந்து கடலூர் ரோட்டில் போய் மேற்கே திரும்பினால் பாகூர். சுமார் இருபது கிலோமீட்டர். வில்லியனூர் மாதிரி இதுவும் ஒரு கொம்யூன். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியபோது இந்த வார்த்தையை மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டார்கள். இன்றைக்கும் பஞ்சாயத்து ஆபீஸ் போர்டில் தொங்குகிறது.

வீட்டில் எனக்கு முன்பே இன்னொரு விருந்தாளி. ஐம்பத்தைந்து வயசிருக்கும். நம்ம கலர், நம்ம மூக்கு. "வணக்கம் சார்" என்றேன். சிரித்தார். பதில் பிரெஞ்சில் வந்தது!

குவாதலூப்பிலிருந்து வந்திருக்கிறாராம். கரீபியன் கடலில், வெஸ்ட் இண்டீஸ் டீமுக்கு ஆள் அனுப்பாத பிரெஞ்சுத் தீவு. நண்பனின் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் அவரை 'சொல்தா' என்பார்கள். பாரீசில் இருக்கும் பட்டாளத்துத் தோழர் சொல்லி, இவரை வீட்டில் தங்க வைத்திருந்தார். மொழிபெயர்ப்பும் பெரியப்பாதான். அதில் ஒரு சிக்கல். விருந்தாளி ஐந்து நிமிஷம் பேசுவார். பெரியப்பா, "சந்தோஷமாம்" என்பார். அவ்வளவுதான்.

மத்தியானம் இலை போட்டார்கள். ஸ்பூன் தேடி நண்பனின் அம்மா அலமாரியைக் குடைந்துகொண்டிருக்க, மனுஷர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் கறிக்குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்துவிட்டார். வாயில் வைத்ததும், "கொலொம்போ!" என்றார்.

"இலங்கைக்கும் போயிருக்காரா?" என்றேன். என் பொது அறிவு அப்படி.

குழம்புதான் அங்கே கொலொம்போ ஆகியிருக்கிறது. மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் சேர்த்த பொடி. ஆடோ கோழியோ போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கபெஸ்தெர் என்ற ஊரில் பெரிய கோயில் இருக்கிறது. மாரியம்மன் அங்கே 'மாலியெமென்'. மதுரை வீரனும் உண்டு. அம்மனுக்குக் கிடா வெட்டி, வாழையிலையில் பரிமாறுகிறார்கள். ஸ்பூன் தேவைப்படாத ரகசியம் இதுதான்.

சாப்பிட்டதும் ஒரு நகல் காகிதத்தை எடுத்தார். பாட்டனாருக்குப் பாட்டனார் கப்பலேறிய பதிவு. பெயர், தகப்பன் பெயர், வருஷம். ஊர் என்ற இடத்தில் 'பாண்டிச்சேரி.' இதில் எந்த கிராமம்? அதைத் தேடித்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறார்.

பெரியப்பா காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "பார்க்கலாமாம்னு சொல்லிட்டேன்" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

ராத்திரி திண்ணையில் விஷயம் வெளியே வந்தது. பிரெஞ்சுக்காரன் 1848-ல் அடிமை முறையை ஒழித்தான். கரும்பு வெட்ட ஆள் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். 1853-ல் மார்த்தினிக்குக்கும், 1854-ல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. 1880-களுக்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர். அஞ்சு வருஷக் கூலி ஒப்பந்தம், அப்புறம் ஊர் திரும்ப இலவசக் கப்பல் என்று பேச்சு. முக்கால்வாசிப் பேர் திரும்பவே இல்லை.

"இந்தத் துக்குணூண்டு பிரெஞ்சு பூமியில அத்தனை பேருக்கு எங்க போறது? சுத்துப்பட்டு வெள்ளைக்காரன் சீமையிலேர்ந்தெல்லாம் மேஸ்திரிங்க கூட்டியாந்தானுங்க. பாண்டிச்சேரின்னு எழுதியிருந்தா அது கப்பலேறின துறை. பொறந்த ஊரா இருக்கணும்னு இல்ல. இதை அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது, நீயே சொல்லு."

நான் பி.காம். பாலன்ஸ் ஷீட் டேலி ஆகாவிட்டால் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுவோம். இதற்கு என்ன போடுவது?

ஞாயிறு காலை மூன்று பேரும் மூலநாதர் கோயிலுக்குப் போய்விட்டு ஏரிக்கரையில் நடந்தோம். சோழர் காலத்துக் கோயில். கடல் மாதிரி ஏரி. தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. கீழே கண்ணுக்கெட்டிய வரை வயல். இப்படி ஒரு ஏரியை விட்டுவிட்டு எவனாவது கப்பலேறுவானா என்றேன். பெரியப்பா முறைத்தார். "ஏரி ஊருக்கு. நெலம் யாருக்கு?"

அங்கேயே நின்று, விருந்தாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். முதல் தடவையாக நீளமாகப் பேசினார். கேட்டவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவருக்கு முன்னாடியே தெரியுமாம். 'பாண்டிச்சேரி ஓட்டல்ல தூங்கினா அது துறைமுகத்தில தூங்கின மாதிரி. ஏதாவது ஒரு ஊர்ல, ஒரு வீட்டுல தூங்கணும்னு தோணிச்சு'ங்கறார்."

திரும்பும்போது கவனித்தேன். இரண்டு பேரிடமும் ஒரே பிரெஞ்சு பாஸ்போர்ட். ஒரே ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். பெரியப்பாவின் முன்னோர், 1881 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தை விட்டு, குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள். ஒரு கையெழுத்தில் முடிந்த காரியம். கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு? ஹென்றி சிதம்பரம் என்ற குவாதலூப்காரர் 1904-ல் ஆரம்பித்துப் போராடி, 1923-ல்தான் அந்த உரிமையை வாங்கினார். பத்தொன்பது வருஷம்! எனக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்த ஏழு மாசம் ஆனதற்கே ஊரெல்லாம் புலம்பினேன்.

சாயங்காலம் கிளம்பும் நேரம். நண்பனின் ஆயா, எண்பத்தைந்து வயசு, இரண்டு நாளாக மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், விருந்தாளியைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, கப்பல்ல எத்தினி நாளு?"

மூன்று மாதம் போல.

"மூணு மாசமா! யாரு பொங்கிப் போட்டா?"

அவருக்குத் தெரியவில்லை. ஆயா உள்ளே போய், ஒரு டப்பா குழம்புத் தூளும் வெங்காய வடகமும் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். "எண்ணெ நல்லாக் காயணும். மொதல்ல வடகத்தைக் கிள்ளிப் போடு. செவந்த பெறவுதான் தூளு. கருகவுட்டுடாத..."

எதையும் ஒரே வார்த்தையில் மொழிபெயர்க்கும் பெரியப்பா, அன்றைக்குப் பத்து நிமிஷம் பேசினார். ஒன்றையும் விடவில்லை. நடுவில் ஒரு தடவை, "அடுப்பை எப்ப தணிக்கணும்னு சொன்ன?" என்று ஆயாவையே திருப்பிக் கேட்டார். விருந்தாளி அந்தக் கப்பல் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு பஸ் போய்விட்டது.