தொறுவனைத் தேடி

ஆநிரை மேய்ப்போரைக் குறிக்கத் தமிழில் ஆயர், கோவலர், இடையர், அண்டர் எனப் பெயர்கள் பல உள. அவற்றுள் நாவழக்கிலிருந்து மறைந்துபோன ஒன்று ‘தொறுவன்’ என்பதாகும். தொறு என்பது ஆநிரை. அதனைக் காப்பவன் தொறுவன். அவன் குலப்பெண் தொறுவி. பெண்பாற்பெயரும் தனியே வழங்கும் அளவிற்கு வேரூன்றியிருந்த இச்சொல் இன்று அகராதியளவில் நிற்கின்றது.

இச்சொல்லின் ஆற்றலை யாம் உணர்ந்தது நடுகற்களின் வாயிலாகவே. தருமபுரி, செங்கம் பகுதிகளில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் பலவும், தொறு மீட்டுப் பட்ட வீரர்களைப் பேசுகின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பெற்ற, அவற்றினும் பன்னூறாண்டு முந்திய தமிழி நடுகல்லோ, நிரை கவர்தலை ‘ஆகோள்’ என்கிறது. தொல்காப்பியர் வெட்சித்திணையில் ஆளும் சொல்லும் அதுவே. கன்னடத்தில் பசுவைத் ‘துறு’ என்பர். எனவே தொறு தமிழுக்கும் கன்னடத்திற்கும் பொதுவான தொல்சொல் எனக் கொள்ளலாம். ஒலியொப்புமை ஒன்றே கருதித் தொழுவத்தையும் இதனோடு இணைத்துவிடுதல் ஆய்வு நெறியன்று.

மலைநாட்டில் இச்சொல் எங்கேனும் தங்கியிருக்குமோ என்னும் அவாவினால், மாணவர் சிலரோடு கொல்லிமலைக்குச் சென்றோம். வல்வில் ஓரி ஆண்ட அம்மலை, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் வினவினோம். தொறு கிடைத்திலது. மாடு அடைக்கும் இடத்தைப் ‘பட்டி’ என்றனர். மேய்ப்பவனுக்குப் பெயர் யாதெனக் கேட்டோம். முதியவர் ஒருவர் நகைத்து, “அதுக்கு என்னங்க தனியாப் பேரு? எங்க வூட்டுப் புள்ளைங்கதான் ஓட்டிக்கிட்டுப் போகும்” என்றார்.

அவ்விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. உழவும் மேய்ச்சலும் ஒரே இல்லத்தின் பணியாக உள்ள இடத்தில், மேய்ப்பவனுக்கெனத் தனிப்பெயர் வேண்டுவதில்லை. நிரைகாவல் ஒரு கூட்டத்தாரின் தனித்தொழிலாகி, அதற்காக உயிரும் ஈயப்பெற்ற நிலத்தில்தான் தொறுவன் தோன்றியிருத்தல் வேண்டும் என எமக்குத் தோன்றுகிறது.

சாமையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலை நிலங்களில் மரவள்ளி பரவிவிட்டது. பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர், அது மகிழத்தக்கதே. ஆயினும் மாட்டின் நிறத்திற்கும் கொம்பின் வளைவிற்கும் அம்முதியோர் வழங்கும் பெயர்களை இனி யார் கற்பர்? தொறு கல்லில் பொறிக்கப்பெற்றதால் எஞ்சியது. இப்பெயர்களுக்குக் கல்லில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தத்தம் பாட்டனாரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவாராயின், அதுவே துறைக்கு அவர்கள் அளிக்கும் நற்கொடையாகும்.